சூடைக் காக்காவின் தோடம்பழ நேரம்

உலகத்தில் மற்ற மனிதர்கள் வருவதைக் கண்ணால் அறியலாம், காதால் அறியலாம். சூடைக் காக்கா வருவதைக் கல்முனைக்குடி மூக்கால்தான் அறியும். அவர் சைக்கிள் மணி அடிப்பதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு. இரண்டு தெரு தள்ளி அவர் திரும்பும்போதே எங்கள் தெருப் பூனைகள் வாசலுக்கு வந்து குந்திவிடும். பூனைகள் குந்தியதைக் கண்டு பெண்கள் சட்டியோடு வெளியே வருவார்கள். எல்லோரும் கூடிய பிறகுதான், "சூட... சூடேய்... இப்பத்தான் கரைக்கு வந்த சூட!" என்ற குரல் வந்து சேரும்.

காக்கா என்றதும் வெளியூர் வாசகர்கள் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்குக் காக்கா என்றால் அண்ணன், பறக்கிறது காகம். சூடை என்பது விரல் நீளத்தில் மின்னுகிற ஒரு மீன். சுவை அதிகம், முள் அதைவிட அதிகம், மணம் இரண்டையும்விட அதிகம். பாரையும் சுறாவும் விற்பவர்கள் பின்னேரம் குளித்தால் மனிதர்களாகிவிடுவார்கள். சூடை விற்பவர் குளித்தால், குளித்த சூடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே பாவனையில் இல்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொடுக்க வந்த ஒருவர் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று பெயர்ப் பட்டியலை வாசித்தார். ஒரு பெயரை மூன்று தரம் வாசித்தும் யாரும் எழும்பவில்லை. "மௌத்தாகிட்டாரோ தெரியா" என்று யாரோ சொல்ல, கூட்டமே இறந்தவருக்காக "இன்னா லில்லாஹி" சொன்னது. எல்லோரையும்விடச் சத்தமாகவும் உருக்கமாகவும் சொன்னவர் சூடைக் காக்கா. பிறகு அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால், மௌத்தான அந்த ஆள் அவர்தான்.

நான் அப்போது சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் நடத்திவந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கப் பலகையால் அடைத்த ஒரு சின்னக் கூடு, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், கடிதம் அனுப்ப ஒரு பெக்ஸ். கடை அவ்வளவுதான். வியாபாரம் முடிந்ததும் காக்கா வந்து என் கடை வாங்குப் பலகையில் இருப்பார். அவர் இருந்தால் வேறு ஆள் உள்ளே வராது.

"காக்கா, நீங்க இஞ்ச இரிந்தா என்ட கடைக்கு ஈ காக்கா கூட வராது" என்றேன் ஒருநாள்.

"காக்கா நான் வந்திட்டன். ஈயும் வந்திட்டு. இன்னும் ஆரு வரணும் ஒனக்கு?" என்றார்.

இந்த மனிதர்தான் பிற்காலத்தில் சென்ட் பைத்தியம் பிடித்து அலைந்தார். காரணம் ஒரு பெண். தப்பாக நினைக்க வேண்டாம், அவருடைய சொந்த மனைவிதான்.

அவரை நாங்கள் எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்போம். சுனாமி அன்று கடல் அவரை வீட்டோடு சேர்த்து அள்ளிக் கொண்டுவந்து ஒரு மதில் ஓரம் போட்டுவிட்டுப் போனது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கறுத்த தண்ணீர் மூக்கால் ஏறியிருந்தது. ஏறிய மணம் இறங்கவேயில்லை. மீனைக் கண்டால் ஓங்காளம், ஈரச் சாக்கைக் கண்டால் ஓங்காளம். அந்த நாட்களில் ஊரே மீன் தின்னாமல்தான் இருந்தது. மற்றவர்களுடைய நாக்கு சில மாதத்தில் வழிக்கு வந்துவிட்டது. ராத்தாவின் மூக்கு வரவில்லை. அவர் வரிப்பத்தான்சேனையில் தங்கச்சி வீட்டோடு போய் இருந்துவிட்டார். நாலு பக்கமும் வயல். கடலை மறக்க அதைவிட நல்ல ஊர் கிடையாது.

காக்காவுக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "நீங்க எப்ப வேணுமெண்டாலும் வாங்க. கடல் மணத்தக் கூட்டிக்கிட்டு மட்டும் வராதீங்க."

இருபத்தைந்து வருஷம் சூடை விற்றவரிடம் இதைச் சொல்வது, ஆமையிடம் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வது மாதிரி. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் வீட்டுத் திட்டத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அதற்குள் அவரும் ஒரு பாயும் இருந்தார்கள். எப்போதும் பகிடி விடுகிறவர், சாவியை என் மேசையில் வைத்துவிட்டு அன்று சிரிக்காமல் சொன்னார்: "ஊட்டத் தந்திட்டானுகள் தம்பி. ஊட்டுக்காரிய ஆரு தருவான்?" ராத்தாவை அந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அதற்குப் பிறகு அவர் செய்த கோமாளித்தனம் எல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை அவர் மீன் விற்கமாட்டார். ஜும்ஆ முடிந்ததும் வரிப்பத்தான்சேனைக்குப் பஸ் ஏறுவார். அதனால் வியாழன் பின்னேரமே துப்புரவு தொடங்கிவிடும். முதலில் தேசிக்காய். பத்துப் பன்னிரண்டு தேசிக்காயை வெட்டி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக் குளித்துவிட்டுப் போனார். ராத்தா வாசலில் நின்று ஒருதரம் மோந்து பார்த்தார்.

"மணம் போன மாதிரி இல்ல. சூடைக்குப் புளி விட்டு அடுப்புல ஏத்தப்போற மாதிரி இரிக்கி" என்றார். காக்கா அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

அடுத்தது மல்லிகை அத்தர். ஒரு குப்பியை முழுதாகக் கவிழ்த்துக்கொண்டு, பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருந்த பெருநாள் சட்டையையும் எடுத்து உடுத்திக்கொண்டு போனார். அத்தரும் கற்பூரமும் சேர்ந்து மணந்தால் எங்கள் ஆட்களுக்கு மையத்து வீடுதான் ஞாபகம் வரும். இறந்தவருக்கு உடுத்துகிற கபன் துணிக்கு அதைத்தான் போடுவோம். அவர் ஒழுங்கைக்குள் நுழைந்ததுமே பக்கத்து வீட்டு மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஆரு மௌத்து?" என்று கேட்டபடி வெளியே வந்துவிட்டார். ராத்தா தலையில் கைவைத்தார். "யா அல்லாஹ்! சூடைக்குக் கபன் உடுத்திக் கூட்டி வந்திரிக்காரே மனிசன்!"

மூன்றாவது முயற்சி என் கடையில் நடந்தது. ராத்தாவின் தம்பி கத்தாரில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் நல்லதொரு சென்ட் கேட்பது என்று முடிவாகியது. காக்கா பலகைக் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தி என்ன பயன்? அவர் பேசினால் கத்தாருக்குப் போனே தேவையில்லை.

"மச்சான்! சென்ட் ஒண்டு வேணும்! ஒலகத்துலயே பெரிய சென்ட்!"

அந்தப் பக்கமும் அதே குடும்பம்தானே, மறுமொழி எனக்கும் கேட்டது. "இஞ்ச அரபிமார் பாவிக்கிறது ஊது மச்சான்! ஊது!"

"என்ன?"

"ஊது மச்சான், ஊது!"

நான் கூட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். காக்கா ரிசீவரை வாய்க்கு நேரே பிடித்து, கன்னம் இரண்டும் உப்ப, "பூ... பூ..." என்று ஊதிக்கொண்டிருந்தார்.

"மச்சான்! லைன்ல என்ன காத்து?"

"ஊதுறன்! கேக்குதா?"

"ஐயோ மச்சான்! ஊது எண்டா சென்ட்டுட பேர்! ஊதுபத்தி எண்டு செல்றமே, அந்த ஊது!"

"அத முதல்லயே செல்லப்படாதா? மூச்சு முட்டிப் போச்சி!"

கத்தாருக்குக் கோல் எடுத்து ஊதிவிட்டு வந்த மனிதர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு சந்தையில் யாராவது பெருமூச்சு விட்டால்கூட, "என்ன, கத்தாருக்கா?" என்று கேட்பார்கள்.

நாலு மாதம் கழித்துப் போத்தல் வந்தது. ஊது அல்ல, ஊது வாங்க மச்சானுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் தரை துடைக்கிற சென்ட் கடையில், வருகிறவர்கள் அடித்துப் பார்க்க வைத்திருந்த போத்தல் ஒன்றை, யாரும் வாங்காத சாமான் என்று ஒதுக்கி அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். பிரான்சில் ஒரு சின்னக் கொம்பனி செய்வதாம், எண்ணிச் சில கடைகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம், புதுசு என்றால் மச்சானின் மூன்று மாதச் சம்பளமாம். முக்கால் போத்தல் இருந்தது. சதுரக் கண்ணாடி, செங்கல் பாரம், மூடியில் காந்தம். மூடியைக் கிட்டக் கொண்டுபோனாலே தானாகப் போய் "டக்" என்று ஒட்டிக்கொள்ளும். காக்கா அரை மணித்தியாலம் சென்ட்டை அடிக்கவேயில்லை. மூடியைக் கழற்றுவதும் விடுவதுமாக இருந்தார். "நம்மட ஊட்டுத் திட்டத்துக் கதவு ஒண்டாவது இப்பிடிச் சாத்துதா, பாரு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் என் கடைக்கு வந்து, கழுத்தில் ஒருதரம் "புஸ்" என்று அடித்தார். தோடம்பழத் தோலை, வெளியூர்க்காரருக்கு ஆரஞ்சுத் தோலை, நகத்தால் கீறினால் முகத்தில் தெறிக்குமே, அந்தச் சாறு. என் கடை அதற்கு முன் அப்படி மணந்ததில்லை, பிறகும் மணக்கவில்லை. காக்கா கண்ணை மூடிக்கொண்டார். வாய் கொஞ்சம் திறந்தது. மீன் இன்று பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்பதை மட்டும் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மூக்கு அது. அதற்கு வேறு வேலையும் உண்டென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"தம்பி" என்றார், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. "இவ்வளவு காலமும் இந்த மூக்க வச்சிக்கிட்டு நான் என்ன செய்தன்?"

சளி பிடிக்க வைத்திருந்தீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

எங்களுக்குத் தெரிந்த அத்தர் எல்லாம் போட்ட இடத்தில் போட்ட மாதிரியே கிடக்கும், கழுவினாலும் கிடக்கும். இந்த வகைச் சென்ட் நேரத்துக்கு நேரம் மாறும் என்பது கல்முனைக்குடியில் யாருக்குத் தெரியும்? பஸ் ஏறும்போது தோடம்பழம். சம்மாந்துறை வரும்போது தோடம்பழம் போய் உப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்திருக்கிறது. வயல்வெளியில் பஸ் போகும்போது காய்ந்த வலை. வரிப்பத்தான்சேனையில் இறங்கும்போது பாசி, நனைந்த பலகை, விடியற்காலையில் வள்ளம் கரையேறும்போது அடிக்குமே அந்தக் காற்று. மூன்று மாதச் சம்பளத்துக்கு அந்தப் பிரான்ஸ்காரர் போத்தலில் அடைத்து விற்றது கடலை!

ராத்தா கதவைத் திறந்தார். மோந்தார். கதவைச் சாத்தினார். குரல் மட்டும் வெளியே வந்தது. "முன்ன சூடையத்தான் கொண்டு வந்தீங்க. இப்ப கடலையே தூக்கிக்கிட்டு வந்திட்டீங்களா?"

அடுத்தநாள் காக்கா அந்தப் போத்தலைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். காலையிலேயே வந்து நின்றார், போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி.

"தம்பி, அந்த பெக்ஸ் பேப்பர்ல கொஞ்சம் கிழிச்சித் தா."

கீறு கீறாகக் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மோந்தார். மீன் விற்கப் போவார், நடுவில் ஓடிவந்து ஒருதரம் மோந்துவிட்டு மீண்டும் ஓடுவார். மூன்று நாள் இதே வேலை. என் கடைக்கு பெக்ஸ் அனுப்ப வந்தவர்கள் மணக்கிற பேப்பரில் மறுமொழி வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் வாங்கில் இருந்து தீர்ப்புச் சொன்னார்.

"மத்த அத்தரெல்லாம் மீன் ஏலம் கூறுறவன் மாதிரி தம்பி, வந்த நேரத்துல இருந்து ஒரே சத்தம். இது மனிசர் கதைக்கிற மாதிரி. முதல்ல சிரிச்சிச் சிரிச்சிக் கதைக்கிது. மறுகாத்தான் மனசுல கிடக்கிறதச் செல்லுது."

"மனசுல கிடக்கிறது கடல் எண்டா ராத்தா கதவு தொறக்க மாட்டா, காக்கா."

"ஓம். அதுதான் அநியாயம்" என்று பேப்பரை இன்னொருதரம் மோந்தார். "ஆனா எவ்வளவு வடிவா இரிக்கி, பாரு. நம்மட கடல் முன்ன இப்பிடித்தானே மணந்திச்சி."

 அந்தக் கடலை நாங்கள் எல்லோரும் ஒன்றரை வருஷமாகத் திரும்பியும் பார்க்காமல் இருந்தோம்.

அன்றிலிருந்து அவருக்கு உலகமே மூக்குத்தான். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வீடு தேடிப்போய், "சென்ட் என்ன கொண்டுவந்தீங்க? வாங்க இல்ல, மோக்க" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கழுத்தடிக்கு மூக்கைக் கொண்டுபோய், "இது மகரிபுக்குப் பிறகு வெத்திலக் கொடி மாதிரி வரும், பாருங்க" என்று பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தார். பொழுதுபட்டு மகரிப் தொழுகை முடிந்ததும் அந்த மாப்பிள்ளையைப் பெரியவர்கள் முறைவைத்து மோந்திருக்கிறார்கள். வெற்றிலைக் கொடியேதானாம். ஆனால் என்ன மோந்தாலும் கடைசியில் தன் போத்தலின் மூடியைத் திறந்து ஒருதரம் பார்த்து, "இது வேற" என்று "டக்" கென்று மூடுவார்.

அந்த மூன்று நாள் ஆராய்ச்சியில் காக்கா இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார். அடித்த நேரத்திலிருந்து சரியாக இருபது நிமிஷம் தோடம்பழம். பிறகுதான் உப்பு. எனவே கல்முனையில் அடிக்கக்கூடாது. வரிப்பத்தான்சேனைச் சந்தியில் இறங்கி அடிக்க வேண்டும். வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிஷம். மீதிப் பதினைந்து நிமிஷம் மனைவியோடு இருக்கலாம். கடல் வருவதற்குள் எழும்பி ஓடிவிட வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் தோடம்பழ நேரம்.

முதல் வெள்ளிக்கிழமை ராத்தா கதவைத் திறந்து மோந்தார். மறுபடியும் மோந்தார். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக வாசலோடு திரும்பிய மனிதர் அன்று உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். தேநீர் வந்தது, கொதிக்கக் கொதிக்க. காக்காவின் கண் மணிக்கூட்டில். ஆறவைக்க நேரம் ஏது? ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று எழும்பி ஓடினார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வயல் வரம்பில் போய்க் குந்திக்கொண்டு, தனியாக இருந்து கடல் மணந்தார்.

"என்ன காக்கா, ராத்தா என்ன சொன்னா?" என்று சனிக்கிழமை கேட்டேன்.

"ஷொகமாம். ஷாப்பிடச் ஷொன்னா" என்றார். நாக்கு வெந்து போயிருந்தது.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவர் சூடை கூவினால் ஊருக்குப் புரியாது. பூனைகளுக்கு மட்டும் புரியும். நான் கடைக் கலண்டரில் வெள்ளிக்கிழமைகளுக்குப் பக்கத்தில் நிமிஷம் குறித்துவந்தேன். பதினைந்து. பதினைந்து. துணிந்து பதினாறு. ஒரு நோன்பு காலத்தில் பத்தொன்பது. உப்பு லேசாக எட்டிப் பார்க்கும்வரை இருந்து பார்த்தாராம். ராத்தா ஒன்றும் சொல்லவில்லையாம். ஒருநாள் கடைக்குள் நுழையும்போதே கையை உயர்த்தி, "இருவத்தி ரெண்டு!" என்று கத்தினார். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர், "ஆரு அவுட்?" என்று கேட்டார்.

சண்டை முடிகிற காலம் அது. வழியில் ஒரு செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கிப் பையைப் பார்ப்பார்கள். செங்கல் மாதிரிப் பாரமாக, தண்ணீர் நிறைந்த ஒரு சாமான் காக்காவின் பையில் இருந்தால் சும்மா விடுவார்களா? வயது குறைந்த சிப்பாய் ஒருவன் எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். காக்காவின் சிங்களம் மீன் விலையோடு சரி. "சென்ட் மாத்தயா" என்று சொல்லி அவனுடைய மணிக்கட்டிலேயே ஒன்று அடித்துக் காட்டினார். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, ஓரமாக நிற்கவைத்தான். பஸ் போய்விட்டது. அரை மணித்தியாலம் கழித்து, தன் கையைத் தானே மோந்தபடி வந்து, "முஹுத" என்றான். கடல். காக்காவுக்கு அந்தச் சிங்களம் தெரியும். அவனும் தெற்கில் ஒரு கடற்கரை ஊர்க்காரன், அவனுடைய ஊரையும் அதே நாளில் அதே கடல்தான் அடித்திருந்தது. தொப்பியைக் கழற்றி நீட்டினான். காக்கா அதற்குள் ஒன்று அடித்துவிட்டார்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அவன் தூரத்திலேயே, "முஹுது மாமா!" என்று கூப்பிடுவான். தொப்பிக்குள் ஒரு "புஸ்". போத்தல் இறங்க இறங்கக் காக்காவின் முகமும் இறங்கியது. மச்சானிடம் இன்னொன்று கேட்டபோது, அந்தக் கொம்பனி அந்தச் சென்ட்டைச் செய்வதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"முடிஞ்சிட்டா என்ன செய்வீங்க காக்கா?" என்று கேட்டேன்.

"மறுகா என்ன, பழையபடி வாசல்தான்" என்றார். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை.

சண்டை முடிந்த அந்த வருஷத்து மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஓடவில்லை. என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். போத்தலைச் சரித்துப் பிடித்தால்தான் அடியில் ஈரம் தெரிந்தது. செக்பொயிண்டில் அந்தச் சிப்பாய் நின்றான். மாற்றலாகித் தன் ஊருக்கே போகிறானாம். தொப்பியை நீட்டினான். நான் காக்காவின் விலாவில் இடித்தேன். அவர் அதைக் கவனிக்காமல் இரண்டு தரம் அடித்தார்.

"காக்கா, ஒங்களுக்கென்ன விசரா?"

"ஊருக்குப் போறான் தம்பி. வெறும் தொப்பியோடயா போறது?"

சந்தியில் இறங்கி அவர் தனக்கு அடித்தபோது "பு" என்று மட்டும் வந்தது. "ஸ்" வரவில்லை.

ராத்தா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் இருந்ததுதான் தாமதம், இடி இடித்து மழை கொட்டத் தொடங்கியது. ஓட்டுக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேசினால் கேட்காது. ஐந்து நிமிஷத்திலேயே தோடம்பழம் மெலிந்துவிட்டது. வழக்கமாக உடனே வருகிற தேநீரையும் காணவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. காக்கா கதிரை நுனிக்கு வந்தார். பத்து நிமிஷம். என் மூக்குக்கே கடல் தெரிந்தது. அது போத்தலில் வந்த கடலா, காக்காவின் சொந்தக் கடலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. காக்கா எழும்பி நின்றார்.

"மழை விட்டுட்டு. நாங்க அப்ப வாறம்" என்றார், கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டு.

ராத்தா இரண்டு கோப்பையோடு வந்து முன்னால் நின்றார். மூச்சை இழுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தோடம்பழம் முடிஞ்சிட்டுப் போல" என்றார் ராத்தா.

காக்கா களவு பிடிபட்ட மாதிரி என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"ஒங்களுக்கு... தெரியுமா?"

"வெள்ளிக்கு வெள்ளி எங்கட வரம்புல போய் ஆரு குந்திக்கிட்டு இரிக்கார் எண்டு எனக்குத் தெரியாதா? காத்து அங்க இரிந்து இஞ்சாலதான் அடிக்கிது. முதல்ல ஜன்னலச் சாத்தினன். மறுகா அரவாசி சாத்தினன். இப்ப மூணு மாசமா சாத்துறல்ல." கோப்பையை நீட்டினார். "பாவம், மனிசன் மழையிலயும் போய்க் குந்தப்போறாரே எண்டுதான் இண்டைக்குத் தேத்தண்ணியப் பிந்திப் போட்டன்."

காக்கா கோப்பையை வாங்கினார். பழக்கதோஷம், ஒரே மூச்சில் இறக்க வாய்க்குக் கொண்டுபோனார்.

"அவசரப்படாதீங்க" என்றார் ராத்தா. "சுடுது. ஊதிக் குடிங்க."

காக்கா ஊதினார். கத்தாருக்குக் கேட்கிற மாதிரி அல்ல, மெதுவாக, கோப்பைக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கண்ணால் தண்ணீர் வழிந்தது. ஆவி பட்டதென்று சொன்னார். நாங்கள் நம்பினோம்.

பெருநாளைக்கு முன்னர் ராத்தா மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, "வந்தாலும் இவ்வளவு படியும் ஏறித்தானே வரணும். அதுக்குள்ள நான் கதவச் சாத்திருவன்" என்று கடலைப் பற்றிச் சொன்னார். மீன் இன்னும் தின்பதில்லை. மீன்காரர் மட்டும் உள்ளே வரலாம். வெறும் போத்தல் அவர்கள் ஜன்னலில் இருக்கிறது; போகும்போதெல்லாம் காக்கா எனக்காக மூடியை ஒருதரம் "டக்" என்று வைத்துக் காட்டுவார்.

நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். காலையில் லிப்ட்டுக்குள் விலைகூடிய சென்ட்டுகள் அடித்தபடி ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து இவர் என்ன மணப்பார் என்று ஒவ்வொருவரையும் பார்த்து யோசிப்பேன். இதுவரை ஒருவரும் சூடை மணக்கவில்லை. எனக்கு அது பெரிய குறைதான்.